2 சென்ட் தோட்டத்துக்கு 15 மூட்டை கோழி எரு: காட்பாடி அருகே ஒரு வீட்டில் நடந்ததும், அதைச் சரிசெய்த விதமும்

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் புதிதாக வீடு கட்டுகிறவர்களில் பலர் பின்பக்கம் கொஞ்சம் இடம் விட்டுக் காய்கறி போடுகிறார்கள். ரசாயன உரம் வேண்டாம், எரு மட்டும் போட்டுக்கொள்ளலாம் என்பது அவர்களில் பெரும்பாலோர் எடுக்கும் முடிவு. நல்ல முடிவுதான். ஆனால் எந்த எரு, எவ்வளவு, எப்போது என்பதை அவர்களுக்கு உட்கார்ந்து சொல்ல ஆள் கிடைப்பதில்லை. எரு என்பதாலேயே அது கெடுதல் செய்யாது என்று நம்பி அள்ளிப் போட்டுவிடுகிறார்கள். அப்படி ஒரு வீட்டில் ஒரு பங்குனிக் கடைசியில் தொடங்கி அடுத்த பங்குனி வரை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். யார் என்று தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

பின்னணி

கணவர் ஓய்வுபெற்ற அரசு ஊழியர். மனைவி கே.வி.குப்பம் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். தோட்டம் அவருடைய ஆசை. வீடு காட்பாடிக்கு வெளியே, முன்பு நிலக்கடலைக் கொல்லையாக இருந்து மனைப்பிரிவான இடத்தில் இருக்கிறது. வீடு கட்டும்போது மொரம்பு (சரளை மண்) கொட்டி மனையை மேடாக்கியிருக்கிறார்கள். வேலை முடிந்ததும் மிஞ்சிய செங்கல் துண்டு, காய்ந்த சிமென்ட் கட்டி எல்லாவற்றையும் பின்பக்கமே தள்ளி, அதன்மேல் அரை அடிக்குச் செம்மண் பரப்பி மூடிவிட்டார் மேஸ்திரி. தோட்டத்துக்குக் கிடைத்த இடம் ஏறக்குறைய 2 சென்ட், அதாவது சுமார் 80 சதுர மீட்டர். மதில் ஓரமாக ஒரு கொய்யா. தண்ணீர் முழுக்க போர்வெல். குழாய் வாயெல்லாம் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும், சோப்பு நுரைக்காது.

முதல் வருடம் போட்ட எதுவும் சரியாக வரவில்லை. மண் காய்ந்தால் கல்லாக இறுகியது, நனைந்தால் தண்ணீர் மேலேயே நின்றது. மண்ணுக்குச் சத்து இல்லை என்று அவர்கள் நினைத்தது சரி. எருதான் மருந்து என்று முடிவு செய்ததும் சரி.

தெரிந்தவர் ஒருவர் மூலம் முட்டைக்கோழிப் பண்ணை ஒன்றிலிருந்து எரு வரவழைத்தார்கள். வண்டி வாடகை எப்படியும் கொடுக்க வேண்டும், 5 மூட்டை வாங்கினாலும் 15 மூட்டை வாங்கினாலும் வாடகை ஒன்றுதான் என்பதால் வண்டி கொள்ளும் அளவுக்கு 15 மூட்டை ஏற்றச் சொன்னார்கள். மூட்டை ஒன்று சுமார் 50 கிலோ. கூண்டுக்கு அடியில் விழுந்த எச்சத்தை அள்ளிக் கட்டியது அது. கொஞ்சம் ஈரமாக, கட்டிகட்டியாக, மூக்கைத் துளைக்கும் நெடியோடு இருந்திருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்தில் எல்லா மூட்டையையும் பிரித்துப் பரப்பி, மண்வெட்டியால் மேலாகக் கொத்திக் கலந்து, இரண்டு நாள் தண்ணீர் விட்டார்கள். வாரம் முடிவதற்குள் கத்தரி, தக்காளி, மிளகாய் நாற்றுகளை நட்டு, ஓரத்தில் முளைக்கீரையும் கொத்தமல்லியும் விதைத்தார்கள்.

நட்ட பிறகு நடந்தவை

நான்காம் நாளே தக்காளி நாற்றின் அடி இலைகள் விளிம்பிலிருந்து கருகத் தொடங்கின. அடுத்தது மிளகாய், பிறகு கத்தரி. மதியம் நாற்று துவண்டு படுத்துவிடும். மாலையில் பாதி எழுந்திருக்கும், மறுநாள் அதுவும் இல்லை. கீரை விதை இங்கொன்றும் அங்கொன்றுமாக முளைத்தது, கொத்தமல்லி முளைக்கவே இல்லை. ஈ மொய்த்தது. காற்று அடித்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்தினார்கள்.

செடி வாடினால் தண்ணீர் போதவில்லை என்றுதான் எவரும் முதலில் நினைப்பார்கள். இவர்களும் காலையும் மாலையும் தண்ணீர் விட்டார்கள். வாட்டம் கூடியது. வாடல் நோயாக இருக்கும் என்று கடையில் ஒரு பூஞ்சைக்கொல்லி கொடுத்தார்கள். அதைக் கரைத்து வேரில் ஊற்றினார்கள். அதுவும் கேட்கவில்லை. கரையான் என்றார் ஒருவர். மாத முடிவுக்குள் நாற்றுகளில் முக்கால் பங்கு செத்துப்போனது.

உண்மைக்கு மிக அருகில் வந்தவர் அவர்களுக்குப் பால் ஊற்றும் பெண்மணி. பொய்கை செவ்வாய்ச் சந்தையில் வாங்கிய இரண்டு கறவை மாடு வைத்திருக்கிறார். தோட்டத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, கோழிக் குப்பைய அப்படியே போட்டுட்டீங்களா? அது சூடாச்சே. ஒரு வருசமாவது மேட்டுல கெடந்து ஆறணும்க்கா" என்றாராம். அதன் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். வேலூர் சுற்றுவட்டாரத்தில் வீட்டுத் தோட்டம் போடுகிறவர்களுக்கு மண்ணைப் பார்த்துச் சொல்லும் வேலையைச் சில காலமாகச் செய்து வருகிறேன்.

நேரில் பார்த்தது

மே முதல் வாரம், அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. மேல்மண் ஈரமாகத்தான் இருந்தது, ஆனால் செடி காய்ந்திருந்தது. ஈரம் இருந்தும் செடி காய்கிறது என்றால் வேரால் அந்த ஈரத்தை எடுக்க முடியவில்லை என்று பொருள். ஒரு நாற்றைப் பிடுங்கிப் பார்த்தபோது வேர் நுனிகள் பழுப்பேறியிருந்தன, புதிய வெள்ளை வேர் ஒன்றுகூட இல்லை. தண்டைக் கீறினால் உள்ளே நிறம் மாறவில்லை. வாடல் நோயாக இருந்தால் பெரும்பாலும் அங்கே பழுப்புக் கோடு தெரியும். கரையான் அரித்த தடமும் இல்லை.

பாத்திகளின் வரப்பு மேட்டில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்தால் கண் எரியும் அளவுக்கு அம்மோனியா நெடி.

இதையெல்லாம்விட முக்கியமாக எனக்குப் பட்டது, செடிகள் எங்கே செத்தன, எங்கே பிழைத்தன என்பது. சமையலறைக் கதவுப் பக்கம் ஒன்றுமே மிஞ்சவில்லை. மூட்டைகளை இறக்கிப் பிரித்த இடம் அதுதான், அங்கேதான் எரு அதிகம் விழுந்திருந்தது. கடைசி மூலையில் எரு போதாமல் லேசாகத் தூவிய பாத்தியில் ஐந்தாறு கத்தரி நாற்று கரும்பச்சையாக, திடமாக நின்றது. கொய்யாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரே நாற்று, ஒரே தண்ணீர், ஒரே வெயில். எரு விழுந்த கனத்தைப் பொறுத்துத்தான் சாவு இருந்தது. நோயோ பூச்சியோ இப்படிப் பங்கு பிரித்துக்கொண்டு வராது.

மதிலோர மண், கெட்ட பாத்தி மண், போர்வெல் தண்ணீர் மூன்றையும் மண் பரிசோதனைக்குக் கொடுத்தோம். மதிலோர மண்ணில் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 0.6 டெசிசைமன்ஸ், கெட்ட பாத்தியில் 3.4. மண்ணில் கரைந்திருக்கும் உப்பின் அளவு இது. நம் பரிசோதனை நிலையங்கள் 1-க்குள் இருந்தால் பயிருக்குக் கெடுதல் இல்லை என்றும், 3-ஐத் தாண்டினால் பயிருக்குத் தீங்கு என்றும் சொல்லும். பி.எச். 8.3, காரத்தன்மை. போர்வெல் தண்ணீரின் மின்கடத்துதிறன் 1.9. பாசனத் தண்ணீரில் 0.75 முதல் 2.25 வரை அதிக உப்பு என்ற வகையில் வரும்.

என்ன நடந்திருக்கிறது

தொழு உரத்தில் தழைச்சத்து (நைட்ரஜன்) சுமார் அரை சதவீதம். கோழி எருவில் சுமார் 3 சதவீதம் வரை இருக்கும். மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) அதில்தான் மிக அதிகம். கோழி எருவுக்குச் சத்து அதிகம் என்று அவர்கள் கேள்விப்பட்டது உண்மை. அந்தச் சத்து எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை. கோழி தனியாகச் சிறுநீர் கழிப்பதில்லை. எச்சத்தின் மேல் வெள்ளையாகத் தெரியும் யூரிக் அமிலம்தான் அதன் சிறுநீர். ஈரமும் சூடும் கிடைத்தால் அது யூரியாவாகி, அங்கிருந்து விறுவிறுவென்று அம்மோனியாவாகிவிடும். மண் காரமாக இருந்தால் அதில் ஒரு பங்கு வாயுவாகவே மண்ணிடுக்கில் நிற்கும். முளைவிடும் விதைக்கும் இளம் வேருக்கும் அது நேரடி நஞ்சு.

அளவைக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். 15 மூட்டை 750 கிலோ. ஈரத்தைக் கழித்து, தழைச்சத்தைப் பாதியாக, ஒன்றரை சதவீதம் என்று குறைத்தே வைத்தாலும் 11 கிலோ தழைச்சத்து. கத்தரிக்கு ஹெக்டேருக்கு 100 கிலோ என்ற பரிந்துரைப்படி 80 சதுர மீட்டருக்கு வேண்டியது 800 கிராம். ஆக, 14 மடங்கு. யூரியாவாகச் சொன்னால் 45 கிலோ மூட்டையில் பாதிக்குமேல் இந்த 2 சென்டில் கொட்டியதற்குச் சமம். யூரியா கடையில் கால் வைக்கவே கூடாது என்று இருந்த குடும்பம் அது. இந்தக் கணக்கைச் சொன்னபோது அந்த அம்மா வெகுநேரம் பேசவில்லை.

இதோடு இன்னும் மூன்று சேர்ந்துகொண்டன. முட்டைக்கோழித் தீவனத்தில் ஓடு கெட்டிப்பட சுண்ணாம்புச் சத்து அதிகம் சேர்ப்பார்கள். அதில் மிச்சம் எருவில் வரும். ஏற்கெனவே காரமான மண்ணுக்கு அது வேண்டாத பொருள். அடுத்தது, செடி வாடுகிறதே என்று இரட்டிப்பாக விட்ட போர்வெல் தண்ணீர். ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் தங்கியது. மூன்றாவது, கீழே இறுகிக் கிடந்த மொரம்பு. உப்பு கரைந்து கீழே இறங்க வழியில்லாமல் மேல் அரை அடியிலேயே சுற்றியது. இந்த மூன்றும் இல்லாமல் நல்ல வடிகாலுள்ள கழனி மண்ணில் இதே எரு விழுந்திருந்தால் சேதம் இவ்வளவு வந்திருக்காது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, கோடை முழுக்க எதையும் நடாமல் விடுவது. இது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஆடிப்பட்டத்தையாவது விடக்கூடாது என்றார் அந்த அம்மா. ஆடிக்குள் மண் தயாரானால் பார்க்கலாம், ஆகவில்லையென்றால் கார்த்திகை வரை பொறுக்கலாம் என்று பேசி வைத்தோம்.

அடுத்த கேள்வி: தண்ணீரைக் கட்டி நிறுத்திக் கழுவிவிட்டால் என்ன? உப்பு மண்ணுக்கு எல்லோரும் சொல்லும் வழி அதுதான். இரண்டு காரணத்தால் வேண்டாம் என்றேன். கழுவக் கையிலிருப்பதே உப்புத் தண்ணீர். அதைவிடப் பெரிய காரணம், கழுவினால் தழைச்சத்து நைட்ரேட்டாகக் கீழே இறங்கும். இறங்கிப் போவது அவர்களுடைய போர்வெல்லுக்கும் பக்கத்து வீட்டுப் போர்வெல்லுக்கும்தான். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தர அளவு. கைக்குழந்தைகளுக்கு அது ரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனையே கெடுக்கும். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருந்தது. நம் தோட்டத்தைச் சுத்தம் செய்ய அடுத்தவர் கிணற்றை அழுக்காக்க முடியாது.

எனவே தழைச்சத்தை ஓட்டிவிடாமல் அங்கேயே கட்டிப்போடும் வழியைத் தேர்ந்தோம். மிக மோசமாக இருந்த மூன்றில் ஒரு பங்கு இடத்தில், எருக்கட்டிகளோடு மேல்மண்ணை ஒன்றரை, இரண்டு அங்குலத்துக்கு ஆள் வைத்துச் சுரண்டி எடுத்தோம். மதிலோரமாக ஒரு வரிசை காய்ந்த இலை, நிலக்கடலைத் தோல், வைக்கோல். அதன்மேல் ஒரு வரிசை சுரண்டிய மண். இப்படி அடுக்கடுக்காக இடுப்பளவு குவியல் போட்டு, கையால் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு விழும் பதத்துக்கு நனைத்து, தென்னங்கீற்று போட்டு மூடினோம். எருவில் தழைச்சத்து மிதமிஞ்சி இருக்கிறது. சருகிலும் வைக்கோலிலும் கரிமம் (கார்பன்) நிறைய, தழைச்சத்து குறைவு. இரண்டும் சேர்ந்தால் நுண்ணுயிர்கள் பெருகி, மிஞ்சிய தழைச்சத்தைத் தங்கள் உடம்பில் பிடித்துக்கொள்ளும். கரிமம் 25 முதல் 30 பங்கு, தழைச்சத்து ஒரு பங்கு என்ற அளவு மக்குவதற்கு நல்லது. தராசில் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை. அம்மோனியா நெடி அடித்தால் இன்னும் சருகு சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். இங்கே இரண்டு முறை சேர்க்க வேண்டியிருந்தது.

இந்த வேலையின்போது பெரியவர் காலில் பழைய ஆணி ஒன்று ஏறிவிட்டது. கட்டிடக் கழிவில் கிடந்தது. அன்றே போய் டி.டி. ஊசி போட்டுக்கொண்டார். ரணஜன்னிக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருப்பது. எரு வேலைக்கு வெறுங்காலோடு இறங்கக்கூடாது.

மீதி இடத்தில் மண்ணை எடுக்கவில்லை. அதற்குப் பதில் கடப்பாரையால் கீழிருந்த மொரம்பு அடுக்கை ஒன்றரை அடிக்கு உடைத்துக் கொடுத்தோம். சிமென்ட் கட்டிகள் மட்டுமே பல கூடை வந்தன. மொட்டை மாடி மழைத்தண்ணீர்க் குழாயைத் தெருச் சாக்கடையிலிருந்து தோட்டத்துக்குத் திருப்பினோம். இந்தப் பக்கம் ஆடி, ஆவணியிலும் மழை உண்டு, ஐப்பசி, கார்த்திகையிலும் உண்டு. உப்பில்லாத தண்ணீர் என்று நம் கையில் இருப்பது அது ஒன்றுதான்.

ஜூனில் மழை விழுந்ததும் இடம் முழுக்கத் தீவனச் சோளம் விதைத்தோம். தக்கைப்பூண்டு போடச் சொன்னார்கள் சிலர். அது உப்பைத் தாங்கும், நல்ல பசுந்தாள்தான். ஆனால் பயறு இனம், தழைச்சத்தைச் சேர்ப்பதற்கென்றே போடுவது. இங்கே வேண்டியது தழைச்சத்தை உறிஞ்சி எடுக்கும் பயிர். பெருமழைக்கு முன்பே சோளம் தன் பங்கை எடுத்துக்கொண்டால் கீழே இறங்கும் நைட்ரேட் அந்த அளவுக்குக் குறையும்.

சோளம் ஆள் உயரத்துக்குக் கருகருவென்று வந்தது. பால்காரப் பெண்மணி மாட்டுக்குக் கேட்டார். கொடுக்க வேண்டாம் என்று சொன்னோம். இளஞ்சோளத்தில் இயல்பாகவே சயனைடு நஞ்சு உண்டு. முற்றினால் அது குறையும். ஆனால் தழைச்சத்து மிஞ்சிய மண்ணில் வளர்ந்த சோளத்தின் அடித்தண்டில் நைட்ரேட் தேங்கும், முற்றினாலும் அது போகாது. அந்த இரண்டு மாடும் அவருடைய பிழைப்பு. காரணத்தைச் சொன்னதும் புரிந்துகொண்டார். ஆகஸ்டில் முதல் அறுப்பு, அக்டோபரில் மறுதாம்பு (அறுத்த தாளிலிருந்து மறுபடி தழைத்தது) அறுப்பு, இரண்டையும் நறுக்கிக் குவியலில் சேர்த்தோம்.

ஆடியில் மறுபடி மண் பார்த்தபோது மின்கடத்துதிறன் 1.6. காய்கறிக்கு இன்னும் அதிகம். ஆடிப்பட்டம் போனது.

மாட்டெரு வாங்கியதும் புழுவும்

கார்த்திகை நடவுக்காகச் செப்டம்பரில் அதே பெண்மணியிடம் மாட்டெரு வாங்கினார்கள். மேலே கிடக்கும் பச்சைச் சாணி வேண்டாம், குப்பைமேட்டின் அடியில் கிடப்பதை எடுக்கச் சொன்னேன். கருப்பாக, உதிரியாக, மழை நனைத்த மண் வாசத்தோடு இருந்தது. வைக்கோல் எது, சாணி எது என்று தெரியவில்லை. மக்கியதற்கு அதுதான் அடையாளம்.

அதில் கட்டைவிரல் பருமனில் வெள்ளைப் புழுக்கள் வந்தன. எருவையே திருப்பிக் கொடுக்கலாமா என்று பயந்துவிட்டார்கள். எருக்குழியில் இருக்கும் பெரிய புழு பெரும்பாலும் காண்டாமிருக வண்டின் புழு. அது மக்குப்பொருளைத் தின்று வாழும், காய்கறி வேரைத் தேடிப் போகாது. ஆனால் வண்டாகி வெளிவந்தால் தென்னங்குருத்தைத் துளைக்கும். பக்கத்து மனையில் இரண்டு தென்னை இருந்ததால் அலட்சியமாக விட முடியாது. எருவைச் சலித்துப் புழுக்களைப் பொறுக்கினார்கள், அவை தெருக்கோழிகளுக்குப் போயின. எருவைச் சேர்த்து வைக்க வேண்டியிருந்தால் மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சையை நீரில் கலந்து எருக்குழியில் தெளிப்பது நல்ல வழி. பொடியாக விற்கிறார்கள். வேரைத் தின்னும் வெள்ளை வேர்ப்புழு வேறு வகை, இதைவிடச் சிறியது, நிலத்தில் செடியின் காலடியில் இருக்கும்.

முளைப்புச் சோதனை

நவம்பர் தொடக்கத்தில் கோழி எருக் குவியலைத் திறந்தோம். நெடி இல்லை. ஆனாலும் உடனே நிலத்தில் சேர்க்கவில்லை. மூன்று பைகளில், ஒன்றில் மதிலோர மண் மட்டும், ஒன்றில் பாதிக்குப் பாதி குவியல் மண், ஒன்றில் கால் பங்கு குவியல் மண் போட்டு முளைக்கீரையும் காராமணியும் விதைக்கச் சொன்னேன். கால் பங்குப் பையில் முளைப்பு வெறும் மண்ணுக்குச் சமமாக இருந்தது. பாதிப் பையில் காராமணி வந்தது, கீரை குறைவாகவும் பிந்தியும் வந்தது. இன்னும் வீரியம் இருக்கிறது, கனமாகப் போடக்கூடாது என்பதை அந்தக் கீரையே சொல்லிவிட்டது. செலவில்லாத சோதனை இது. பத்து நாளில் பதில் கிடைக்கும். எந்த எருவை வாங்கினாலும் முதலில் இதைச் செய்யுங்கள் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன்.

பிறகு விளைந்தது

நவம்பர் கடைசியில், நல்ல மழைக்குப் பிறகு, மின்கடத்துதிறன் 0.8-க்கு இறங்கியிருந்தது. நான்கு பாத்தி எடுத்து, மூன்றில் மாட்டெருவை சதுர மீட்டருக்கு இரண்டரை கிலோ கணக்கில் கலந்தார்கள். கத்தரிக்கு இலவம்பாடி முள்ளுக்கத்தரி நாற்று. வேலூர் முள்ளுக்கத்தரி என்ற பெயரில் அதற்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து அந்த அம்மாவுக்கு அதைத்தான் போட வேண்டும் என்று இருந்தது. நான்காவது பாத்தியில் கோழி எருக் குவியலிலிருந்து லேசாகப் போடச் சொன்னேன். குவியல் மிஞ்சுகிறதே, வீணாக வேண்டாம் என்று சொன்னதைவிடக் கூடுதலாகப் போட்டிருக்கிறார்கள்.

பிப்ரவரியில் மாட்டெருப் பாத்திகள் காய்க்கத் தொடங்கின, மாசியில் வாரம் இருமுறை பறித்தார்கள். நான்காவது பாத்தியில் செடி மார்பளவுக்கு வந்தது, இலை அகலம், கரும்பச்சை. பூ மட்டும் மூன்று வாரம் பிந்தியது. வந்த பூவிலும் உதிர்ந்தது அதிகம். இளந்தளிரில் அசுவினி மொய்த்தது. தழைச்சத்து மிஞ்சினால் செடி இலையாகவே வளரும், இளசாக இருக்கும் இடத்துக்குச் சாறு உறிஞ்சும் பூச்சியும் வரும். குவியல் மண் போட்ட இடமெல்லாம் களையும் முளைத்தது. குவியல் 55 டிகிரி சூட்டில் இரண்டு வாரம் நின்று, நான்கைந்து முறை கிளறப்பட்டிருந்தால் பெரும்பாலான களைவிதை செத்திருக்கும். இங்கே மண் அதிகம் கலந்திருந்ததால் அந்தச் சூடு ஏறவில்லை. கம்பியைச் செருகி எடுத்தால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும்.

தக்காளி முதலில் நன்றாக வந்தது. மழைத்தண்ணீர் தீர்ந்து போர்வெல்லுக்குத் திரும்பியபின், மார்ச்சில், பழங்களின் அடிப்பக்கம் கருத்து அமுங்கியது. பழத்துக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததால் வரும் கோளாறு அது. மண்ணில் சுண்ணாம்பு குறைவு இல்லை. உப்புத் தண்ணீரில் வேருக்கு நீர் இழுக்கும் சக்தி குறைந்து, அதோடு வர வேண்டிய சுண்ணாம்பும் வரவில்லை.

கீரையும் கொத்தமல்லியும் தை முழுக்கக் கிடைத்தன. பச்சையாகச் சாப்பிடுகிறவற்றுக்குப் பச்சை எரு ஆகாது என்பதை அவர்களுக்கு அழுத்திச் சொல்லியிருக்கிறேன். மக்காத எரு போட்டால், மண்ணைத் தொடும் விளைச்சலுக்கு அறுவடைக்கு 120 நாள் முன்பும் மற்றவற்றுக்கு 90 நாள் முன்பும் போட்டிருக்க வேண்டும் என்பது அமெரிக்க இயற்கை வேளாண் விதி. வயிற்றுப்போக்குக் கிருமிகள் சாவதற்கான அவகாசம் அது. முளைக்கீரை 25 நாளில் பறிப்பது என்பதை நினைத்துப் பார்த்தால் கீரைப் பாத்திக்கு மக்கிய எரு தவிர வேறு வழியே இல்லை என்று புரியும்.

அடுத்த முறை மாற வேண்டியவை

இந்த இடத்துக்குத் தேவைப்பட்டது 200 கிலோ மக்கிய மாட்டெரு. கோழி எருதான் என்றால் சதுர மீட்டருக்கு அரை கிலோ, மொத்தம் 40 கிலோ. 15 மூட்டை இறங்கிய இடத்தில் ஒரு மூட்டை வாங்கியிருந்தாலே அதிலும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். வண்டி வாடகைக் கணக்கில் எருவின் அளவை முடிவு செய்யாமல், இடத்தை அளந்து முடிவு செய்திருக்க வேண்டும். வாடகை வீணாகிறது என்றால் தெருவில் நான்கு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு வண்டி எடுக்கலாம்.

மண் பரிசோதனை எருவுக்கு முன் நடந்திருக்க வேண்டும். பி.எச். 8-க்கு மேல் என்று தெரிந்திருந்தால் முட்டைக்கோழி எருவை நான் இந்த மண்ணுக்குப் பரிந்துரைத்திருக்கவே மாட்டேன். இங்கே மாட்டெருவோ, நன்றாக மக்கிய ஆட்டுப் புழுக்கையோதான் பொருத்தம். கொல்லையில் ஆட்டுப்பட்டி போடும் வழக்கம் இன்னும் இருக்கிற ஊர்கள் பக்கத்திலேயே உண்டு, புழுக்கை கிடைப்பது சிரமமில்லை. மொரம்பை உடைக்கும் வேலையும் எரு போடுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

வாங்கும்போது விற்கிறவரிடம் மூன்று கேள்வி கேட்டாக வேண்டும்: கூண்டுக்கு அடியில் அள்ளியதா, உமி பரப்பிய கொட்டகையில் அள்ளியதா? எத்தனை மாதம் குவியலில் கிடந்தது? உப்போ மருந்தோ தெளித்ததா? மூட்டையில் சீட்டு எதுவும் ஒட்டியிருக்காது, கேட்டால்தான் தெரியும். கோடையில் வாங்கினால் சருகோடு சேர்த்து மேடு போட்டு, மழைக்காலம் தாண்டிப் பயன்படுத்துவதாக இருந்தால் மட்டும் பச்சை எரு வாங்கலாம்.

தண்ணீர்ப் பிரச்சினை தீரவில்லை. மாடி மழைத்தண்ணீரைச் சேர்க்க ஒரு தொட்டி கட்ட அவர்கள் எண்ணியிருக்கிறார்கள். அதுவரை வைகாசி முடியும் மட்டும் தக்காளியை விட்டு, உப்பை ஓரளவு தாங்கும் கொத்தவரையைப் போடுவது என்றும், ஜூன் மழைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை மின்கடத்துதிறன் பார்ப்பது என்றும் முடிவாகியிருக்கிறது. கோழி எருக் குவியலில் பாதி இன்னும் மதிலோரம் இருக்கிறது. அது அடுத்த கார்த்திகையில் கொய்யாவுக்கும் புதிதாக வைத்த முருங்கைக்கும், தண்டிலிருந்து இரண்டடி தள்ளி, வருடத்துக்கு இரண்டு அன்னக்கூடை வீதம் போகும்.